பட்டாளம் விட்டு வந்தவர்களும் நமது முதலாளிகளும்

ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் 7ஆம் தேதியன்று நமது தேசத்தில் படைவீரர் கொடி நாள் கொண்டாடப்படுகிறது. 1949ஆம் ஆண்டு முதல் இவ்வழக்கம் இருந்து வருகிறது. உண்டியல் ஏந்தி வருவோரிடம் நாமும் காசு கொடுத்து, சிறு கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு, தேசத்துக்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்துவிட்டதாகத் திருப்தியடைகிறோம். மறுநாட் காலையில், ஆலையின் வாயிலிலோ பாங்கியின் வாசற்படியிலோ நமக்குக் கதவைத் திறந்துவிட்டு நிற்பவர் பல சமயங்களில் யார்? முந்தின நாள் எவர் பொருட்டுக் காசு கொடுத்தோமோ, அவரேதான். அவர் எந்தப் படையில் இருந்தார், என்ன தொழில் கற்றார், எத்தனை பேரை நடத்தினார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ஒரு நாள் வீரர், மற்ற நாட்களெல்லாம் வாயிற்காவலர் என்னும் இந்த நிலைமையைக் குறித்தே இன்று நமது முதலாளிகளுக்கும் தொழில் நிர்வாகிகளுக்கும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

காவல் வேலை இழிவானதென்று நாம் கூறவில்லை. நேர்மையாகச் செய்யப்படும் எவ்வேலையும் இழிவன்று. ஆனால் கம்பியில்லாத் தந்திக் கருவியைப் பனிமலையில் பழுது பார்த்தவரும், பாலம் கட்டினவரும், நூற்றுக்கணக்கானவர்களுக்கு உணவுப் பொருள் பகிர்ந்து கணக்கு வைத்தவரும், காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தவரும், எல்லோருமே ஒரே வாசலில் ஒரே விசிலுடன் கொண்டுபோய் நிறுத்தப்படுவது நியாயமா என்பதே கேள்வி. இது அவர்களுக்கு மட்டுமன்று, தேசத்துக்கே நஷ்டம்.

ஓய்வன்று, பாதி வழி

நமது முப்படைகளிலிருந்தும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 60,000 பேர் வெளிவருகிறார்கள். ‘ஓய்வு பெற்றவர்’ என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடுகிறது. அச்சொல்லைக் கேட்டவுடன் நரைத்த தலையும் சாய்வு நாற்காலியும் நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. உண்மை அதுவன்று. படை எப்பொழுதும் இளமையாக இருக்கவேண்டும் என்பதற்காகவே சிப்பாய்கள் இளம் வயதில் அனுப்பப்படுகிறார்கள். பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்து, பென்ஷனுக்கு வேண்டிய 15 ஆண்டுகளையோ அதற்குச் சற்று மேலாகவோ முடித்து, நாற்பது வயதுக்கு முன்னும் பின்னுமாக வெளிவருபவரே பெரும்பாலார். குழந்தைகள் பள்ளியில் இருப்பார்கள், பெற்றோர் முதுமையடைந்திருப்பார்கள், வீட்டுக் கடன் தீர்ந்திராது. மற்றவர்கள் உத்தியோகத்தில் உயரும் வயதில் இவர் புதிதாக வேலை தேடப் புறப்படுகிறார்.

இனி வருங்காலத்தில் இவ்விஷயம் இன்னும் அவசரமானதாகும். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி சேர்க்கப்படும் இளைஞர்களுக்கு நான்கு ஆண்டுகளே தவணை. நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவர். மற்றவர்கள் ஒரு தொகையுடன், பென்ஷன் இன்றி, இளம் வயதிலேயே ஊர் திரும்பவேண்டியவர்கள். 2022ஆம் ஆண்டு இறுதியில் சேர்ந்த முதல் அணியினருக்கு அத்தவணை 2026ஆம் ஆண்டு இறுதியில் முடிகிறது. இத்திட்டத்தைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் திரும்பி வரும் பிள்ளைகள் நம் பிள்ளைகள் என்பதில் அபிப்பிராய பேதம் இருக்க முடியாது.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவதற்கில்லை. மத்திய சர்க்கார் இலாகாக்களின் ‘சி’ பிரிவு உத்தியோகங்களில் நூற்றுக்கு 10 இடமும், பழைய ‘டி’ பிரிவில் 20 இடமும் முன்னாள் படைவீரர்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. ஆயினும் ஏட்டில் உள்ள அளவுக்கு இடங்கள் நடப்பில் நிரம்பவில்லை. நமது ராஜ்யத்தில் 1986ஆம் ஆண்டில் முன்னாள் படைவீரர் கழகம் ஏற்படுத்தப்பட்டது. ‘டெக்ஸ்கோ’ என்று வழங்கப்படும் அந்த ஸ்தாபனம் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. ஆனால் அதனிடம் ஆள் கேட்டு வருவோர் பெரும்பாலும் கேட்பது காவற்காரரைத்தான். குற்றம் கழகத்தினுடையதன்று, கேட்பவர்களுடையது.

ஒரு பழைய தப்பெண்ணம்

பட்டாளத்தான் என்றால் இன்னதற்குத்தான் லாயக்கு என்று நாம் முடிவு கட்டுவது புதிதன்று. நம்மைப் பற்றியே முன்னர் ஒருவர் அவ்வாறு முடிவு கட்டியதுண்டு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர், தென்னாட்டார் போர்க்குணம் இல்லாதவர்கள் என்று கருதினார். வடக்கே சில ஜாதியாரே போர் ஜாதியார் என்ற கொள்கையைப் பரப்பினார். அக்கொள்கை வேரூன்றியதன் பலனாக, 1758ஆம் ஆண்டிலிருந்து வரலாறுடைய சென்னைக் காலாட்படை 1920களில் கலைக்கப்பட்டது. இரண்டாவது உலக யுத்தம் வந்து ஆள் தேவைப்பட்டபோது அதே படை மீண்டும் எழுப்பப்பட்டது. பர்மாப் போர்முனையில் அது காட்டிய வீரத்தின் முன் அந்தக் கொள்கை வாயடைத்துப் போயிற்று. சண்டைக்கு லாயக்கில்லை என்று அன்று அந்நியர் சொன்னதற்காகக் கோபிக்கும் நாம், சண்டையைத் தவிர வேறெதற்கும் லாயக்கில்லை என்று இன்று நம்மவரையே ஒதுக்கலாமா?

பதவியின் பொருள் யாது?

நமது நிர்வாகிகள் அறிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் பட்டாளத்துப் பதவிகளின் பொருளாகும். நாயக் அல்லது ஹவில்தார் என்பவர் சுமார் பத்துப் பேர் அடங்கிய ஒரு பிரிவின் தலைவர். அவர்களுடைய பயிற்சி, ஆயுதம், உடல்நலம், லீவு, சண்டை சச்சரவு அனைத்துக்கும் அவர் பொறுப்பாளி. சுபேதார்கள் முப்பதுக்கு மேற்பட்டவர்களை நடத்துகிறவர்கள். இளம் அதிகாரிகளுக்கு வழி காட்டுகிறவர்களும் அவர்களே. நூற்றிருபது பேர் கொண்ட ஒரு கம்பெனியின் துணி, தோட்டா, அரிசி, பருப்புக்கெல்லாம் ஒரு ஹவில்தார் கணக்கு வைக்கிறார். அக்கணக்கில் ஒரு தோட்டா குறைந்தாலும் அவர் தூங்க முடியாது. இத்தகையவரை இருப்புக் கிடங்கின் தலைவராக வைத்துக்கொள்ளாமல், கிடங்கின் வெளியே பூட்டைப் பார்த்துக்கொள்ள வைத்தால், யாருக்கு விவேகம் போதவில்லை என்று சொல்வது?

பெங்களூரில் தலைமை நிலையம் கொண்ட சென்னைப் பொறியாளர் படையை எடுத்துக்கொள்வோம். ‘தம்பி’ என்று ராணுவம் முழுவதும் அன்புடன் அழைக்கப்படும் இச் சாப்பர்கள் பாலம் அமைப்பார்கள், பாதை வெட்டுவார்கள், கண்ணிவெடி அகற்றுவார்கள், தச்சு, மின்சாரம், குழாய் வேலைகளில் தேர்ந்திருப்பார்கள். ஆனால் வேலை கேட்டு வரும் தம்பியிடம் நிர்வாகி, “இந்த லைனில் அனுபவம் உண்டா?” என்று கேட்கிறார். அவர் உண்மை பேசிப் பழகியவர். “இல்லை, ஐயா” என்கிறார். பேட்டி முடிந்துவிடுகிறது!

அவரைச் சரியாகப் பேட்டி காண்பது கடினமன்று. அவர் கையிலுள்ள டிஸ்சார்ஜ் புஸ்தகத்தில் தொழில், சேவைக் காலம், நன்னடத்தை எல்லாம் குறிக்கப்பட்டிருக்கின்றன. அதைப் படிக்கவேண்டும். “நீர் என்ன சாதித்தீர்?” என்று கேட்டால் அவர் தயங்குவார். தன்னைத் தானே புகழ்வது பட்டாளத்தில் இழுக்கு. செய்ததையெல்லாம் ‘நாங்கள் செய்தோம்’ என்றே கூறுவார். “அந்த வேலையில் உமது பங்கு எது? உமக்குக் கீழ் எத்தனை பேர்? எந்தக் கருவிகளை உபயோகித்தீர்?” என்று கேட்கட்டும். அப்பொழுது அவருடைய யோக்கியதை வெளிப்படும்.

கட்டளை மட்டுமா பட்டாளம்?

பட்டாளத்தார் முரடர்கள், கட்டளைக்குப் பணியவும் கட்டளையிடவுமே தெரிந்தவர்கள் என்பது பலருடைய எண்ணம். நமது ராணுவத்தில் சைனிக் சம்மேளனம் என்றொரு கூட்டம் நடக்கிறது. முன்னாளில் அதற்குத் தர்பார் என்று பெயர். படைத்தலைவர் முன்னிலையில் சாதாரணச் சிப்பாயும் எழுந்து தன் குறையைச் சொல்லலாம். படா கானா என்னும் விருந்தில் அதிகாரியும் சிப்பாயும் ஒன்றாக அமர்ந்து உண்கிறார்கள். ‘நாம், நமக், நிஷான்’ என்று மூன்று இந்துஸ்தானிச் சொற்களை அவர்கள் வேதம்போல் போற்றுகிறார்கள். படையின் பெயர், தின்ற உப்பு, ஏந்திய கொடி என்பது பொருள். தன் நலம் அதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் தொழிலாளரின் குறையை நேரில் கேட்க ஆண்டுக்கு ஒரு முறையேனும் கூட்டம் போடும் முதலாளிகள் நம்மில் எத்தனை பேர்?

இத்தகைய சூழ்நிலையிலிருந்து வருபவருக்கு நமது ஆபீஸ்கள் சில சமயம் விளங்குவதில்லை. “முடிந்தால் பாருங்கள்” என்று மேலாளர் சொன்னால், அது வேண்டுகோளா உத்தரவா என்று அவருக்குத் தெரியாது. பத்து மணிக்கென்று கூறிய கூட்டம் பத்தரைக்குத் தொடங்கினால் அதை அவமரியாதையாக எண்ணுவார். தவறு கண்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதைத் திமிரென்று மற்றவர் எண்ணுவர். ஆகவே, முதல் மூன்று மாதங்களுக்கு அந்த ஸ்தாபனத்தின் வழக்கம் அறிந்த ஒருவரை, கூடுமானால் முன்பே பட்டாளத்திலிருந்து வந்தவரை, அவருக்குத் துணையாக வைக்கவேண்டும். வேலை இன்னது, காலம் இன்னது, பதில் சொல்ல வேண்டியது இன்னாருக்கு, அடுத்த உயர்வு இன்னது என்று தெளிவாகக் கூறிவிடவேண்டும்.

செய்யத் தகாதவை மூன்று

முதலாவது, “உமக்குத்தான் பென்ஷன் வருகிறதே” என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பது. பென்ஷன் நேற்றைய உழைப்பின் கூலி. சம்பளம் இன்றைய உழைப்பின் விலை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைப்பது, சர்க்கார் கொடுப்பதை முதலாளி தம் பையில் போட்டுக்கொள்வதாகும்.

இரண்டாவது, அவரைத் தொழிலாளர்மேல் ஏவும் கோலாக வைத்துக்கொள்வது. சங்கம் வைத்தோரை மிரட்டவும், சந்து பொந்துகளில் நின்று உளவு பார்க்கவும் பட்டாளத்தார் உதவுவர் என்று எண்ணும் நிர்வாகிகள் உண்டு. தேசத்தின் எல்லையைக் காத்தவனைத் தேசத்தின் உழைப்பாளிக்கு விரோதியாக நிறுத்துவதை விடக் கேவலமான காரியம் வேறில்லை. அவர் சக தொழிலாளி. அப்படியே நடத்தப்பட வேண்டும்.

மூன்றாவது, வேடிக்கைக்காக யுத்தக் கதை கேட்பது, “எத்தனை பேரைச் சுட்டீர்?” என்பது. அவர் இழந்த தோழர்களின் நினைவை அது கிளறும். அதைப்போலவே, போர் கண்டவர் அனைவரும் சித்தம் கலங்கியவர் என்று அஞ்சுவதும் பேதைமை. அத்தகைய துன்பம் சிலருக்கு உண்டு. அவர்களுக்கு வைத்தியமும் அன்பும் வேண்டும், விலக்கு வேண்டாம்.

படை விட்டு வந்த சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நகர வாழ்வில் காரணம் கேட்பது கீழ்ப்படியாமையன்று. இளையவரான மேலாளரிடம் கற்றுக்கொள்வது தாழ்வுமன்று. தம் திறமையைப் பிறர் அறியும்படி கூறுவதும் தற்பெருமையன்று. குடும்பத்துக்குச் செய்யும் கடமை.

1944ஆம் ஆண்டில், யுத்தம் முடியுமுன்னரே, அமெரிக்கா தன் போர்வீரர்கள் திரும்பி வந்து படிக்கவும் தொழில் கற்கவும் சட்டம் செய்தது. 78 லட்சம் பேர் அதனால் கல்வியும் பயிற்சியும் பெற்றனர். அத்தேசத்தார் அதைத் தர்மமாகக் கருதவில்லை. தேசத்துக்கு விதைநெல்லாகக் கருதினர். அதே யுத்தத்தில் சேர்ந்த 25 லட்சம் இந்தியர்களில் பெரும்பாலாரை அந்நிய சர்க்கார் உபயோகித்துவிட்டு ஊருக்கு அனுப்பிவிட்டது. சுதந்திர தேசம் அதையே செய்யலாகாது.

வேலூருக்கு அருகில் கம்மவான்பேட்டை என்னும் கிராமத்துக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் வழங்குகிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போகிறார்கள். அத்தகைய ஊர்களிலிருந்து தேசம் கேட்டபோது ஆள் வந்தது. எதற்கு லாயக்கு என்று அன்று யாரும் தர்க்கம் செய்யவில்லை. ஜில்லாக்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. வேலை வேண்டுவோரின் விவரம் அங்கே பதிவாகியிருக்கிறது. நமது முதலாளிகள் அடுத்த முறை காவற்காரருக்கு மட்டும் அங்கே எழுதவேண்டாம். கணக்கருக்கும், கம்மியருக்கும், மேற்பார்வையாளருக்கும் எழுதட்டும். கொடி நாளன்று உண்டியலில் விழும் காசைக் காட்டிலும் அந்த ஒரு கடிதம் மதிப்புடையது.