எட்டாவது வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை

வேதாரண்யம் பக்கம் பிள்ளைகளுக்குக் காலில் சிரங்கு வந்தால் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிவிட்டு மறந்துவிடுகிறோம். புண் ஆறிய சில வாரங்களில், காலையில் எழும்போதே சில பிள்ளைகளின் முகம் அதைத்திருக்கும். சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகும். சிரங்குக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டு.

சிரங்கில் சேரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உடல் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குகிறது. இவையும் கிருமியின் துணுக்குகளும் பிணைந்து, சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்முடிச்சுகளில் படிகின்றன. அங்கே அழற்சி மூளும்போது ‘சி3’ என்ற தற்காப்புப் புரதம் செலவழிந்து, ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடுகிறது. இதே கிருமியால் வரும் தொண்டைப்புண்ணுக்குப் பிறகு இந்த நோய் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். சிரங்குக்குப் பிறகு மூன்று முதல் ஆறு வாரம்.

கிருமி வந்துபோன தடயத்தை அறிய, அதன் நஞ்சு ஒன்றுக்கு எதிரான புரதத்தை அளக்கும் ‘ஏஎஸ்ஓ’ பரிசோதனை எடுப்பார்கள். ஆனால், சிரங்கு வந்த பிள்ளைக்கு அது பெரும்பாலும் உயர்வதில்லை. தோலிலுள்ள கொழுப்பு, அந்த நஞ்சைக் கட்டிப்போட்டுவிடுகிறது. ‘ஆன்டி டிஎன்ஏஸ் பி’ பரிசோதனைதான் இங்கே கைகொடுக்கும்.

நோயின் போக்கைச் சொல்வது சி3. ஆறு முதல் எட்டு வாரத்தில் அது பழைய அளவுக்கு ஏறிவிட்டால் கவலை குறைவு. பெரும்பாலான பிள்ளைகள் முழுமையாகக் குணமாகிவிடுவார்கள். ஏறாமலே நின்றால் சி3 குளோமெருலோபதி போன்ற நீடித்த நோயாக இருக்கலாம். சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்க்க வேண்டிவரும். சி3யோடு சி4 புரதமும் குறைந்திருந்தால் உடலின் தற்காப்பே உடலைத் தாக்கும் லூபஸ் நோயா என்று தேடுவார்கள்.

முகம் வீங்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே நோய் அல்ல. சிறுநீரில் நுரை ததும்பப் புரதம் வெளியேறும் நெஃப்ராடிக் நோயில் சி3 பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அந்தப் பிள்ளைகள் பலரின் ரத்தத்தில், வடிகட்டியின் நெஃப்ரின் புரதத்தையே தாக்கும் எதிர்ப்புப் புரதம் இருப்பதை 2024இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது.

உப்பு விளையும் ஊரானாலும், வீக்கம் வடியும்வரை பிள்ளையின் சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாக வேண்டும். தலைவலி, வாந்தி, வலிப்பு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம். முகம் தெளிந்து பிள்ளை விளையாடத் தொடங்கியதும் எட்டாவது வார சி3 மறுபரிசோதனையை விட்டுவிடுவதுதான் ஆபத்து. நீடிக்கும் நோய் அந்த இரண்டாவது பரிசோதனைச் சீட்டில்தான் தெரியவரும்.