நெட் வரலையா? பதறாதீங்க... பணத்தை விட்டுடாதீங்க!

மதுரையில் இப்போது வீட்டுக்கு வீடு கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "நெட் வரலை!"

கரண்ட் போனால் தெருவே இருட்டாகும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் தெருவே குடத்தோடு வாசலுக்கு வரும். ஆனால் வைஃபை படுத்துவிட்டால் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். மகனின் கல்லூரி விண்ணப்பம் பாதியில் நிற்கும். கடைக்காரரின் ஜி.எஸ்.டி. கணக்கு கடைசி நாளில் தொங்கும். வீட்டில் ஆளுக்கு ஆள் சத்தம் போடுவார்கள்.

இந்தப் பதற்றத்துக்காகவே ஒரு கும்பல் காத்திருக்கிறது.

போலி நம்பர் உஷார்!

மோசடி நடக்கும் விதம் இதுதான். நெட் வராத ஆத்திரத்தில் வீட்டுக்காரர் செல்போனை எடுக்கிறார். கம்பெனி பெயரைப் போட்டு, "கஸ்டமர் கேர் நம்பர்" என்று கூகுளில் தேடுகிறார். கிடைத்த முதல் நம்பருக்குப் போன் போடுகிறார். அது கும்பல் போட்டுவைத்த போலி நம்பர்!

எதிர்முனை ஆசாமி தேனொழுகப் பேசுவான். "சார், ஒரு ஆப் இறக்குங்க. பத்து ரூபா மட்டும் கட்டுங்க. லைன் உடனே சரியாகிடும்" என்பான். அந்த ஆப் இறங்கியதும், உங்கள் போன் திரை அவன் கண்ணுக்கு அப்படியே தெரியும். பத்து ரூபாய் கட்ட நீங்கள் தட்டும் ரகசிய எண்ணும் தெரியும். அடுத்த சில நிமிஷத்தில் பேங்க் கணக்கு காலி!

தூரத்தில் இருந்து இயக்கும் 'எனிடெஸ்க்' என்ற ஆப்பை வைத்து இப்படிக் கைவரிசை காட்டுவது பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. ஆப் மேல் குற்றம் இல்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர்கள் நியாயமாகப் பயன்படுத்தும் சாதனம்தான் அது. முன்பின் தெரியாத ஆளுக்கு அதைத் திறந்துவிடுவதில்தான் ஆபத்து.

லைனைச் சரிசெய்ய எந்தக் கம்பெனிக்கும் உங்கள் ஓ.டி.பி. தேவையில்லை. ஏ.டி.எம். எண்ணும் தேவையில்லை. கம்பெனி நம்பர் வேண்டுமானால் பழைய பில்லைப் பாருங்கள். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மூடிவைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் போடுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறும் முன்பே கணக்கை முடக்க வழி உண்டு.

யாரையும் கூப்பிடும் முன்பு, வீட்டுக்காரரே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது.

பெட்டியா? கம்ப்யூட்டரா?

முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, கோளாறு பெட்டிக்கு வெளியிலா, உள்ளேயா என்பதைத்தான். தெருவில் இருந்து பெட்டி வரை ஒரு பாதை. பெட்டியில் இருந்து கம்ப்யூட்டர் வரை இன்னொரு பாதை.

செல்போனில் சிம் நெட்டை நிறுத்திவிட்டு வைஃபையைப் போட்டுப் பாருங்கள். போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லை என்றால் வம்பு கம்ப்யூட்டரில்தான். இரண்டிலும் இல்லை என்றால் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள்.

கண்ணாடி இழை லைன் வைத்திருப்பவர்கள் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். பெட்டியில் செருகிய ஒயர் கழன்றிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றபடி, குழி தோண்டிய இடத்தில் லைன் அறுந்திருக்கலாம். எலி, அணில் கடித்திருக்கலாம். வீட்டில் இருந்தபடி செய்ய ஒன்றும் இல்லை. புகார் கொடுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். புகார் தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். இதற்கு 2012-ல் டிராய் போட்ட விதியே இருக்கிறது.

சிவப்பு விளக்கு இல்லையா? பெட்டியை அணைத்து, ஒரு நிமிஷம் பொறுத்து, மறுபடி போடுங்கள். பாதி வியாதி இதிலேயே தீரும்.

கம்ப்யூட்டரில் மட்டும் கோளாறு என்றால் மூன்று சங்கதி பாருங்கள். விமான அடையாளம் போட்ட பொத்தானைக் கை தவறி அமுக்கியிருந்தால் வைஃபை அணைந்திருக்கும். பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் தேதி தப்பாக இருந்தாலும் பல தளங்கள் திறக்காது. அப்படியும் மசியவில்லையா? பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நேராக ஒயர் மாட்டிப் பாருங்கள். ஒயரில் ஓடினால் வைஃபை பாகம்தான் கெட்டிருக்கிறது.

பீரோ பின்னால் பெட்டி!

மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கத்துப் பழைய வீடுகள் முகப்பு குறுகி, உள்ளே நீண்டு போகும். சுவர்களும் கனம். வாசல் திண்ணையில் பெட்டியை வைத்தால் கடைசி அறைக்கு எட்டாது.

அதிலும் சிலர் பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறார்கள். இரும்பும், தண்ணீர்த் தொட்டியும், பெரிய கண்ணாடியும் வைஃபைக்கு எதிரிகள். நடுவீட்டில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள்.

பெட்டியில் இரண்டு அலைவரிசை இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாக ஓடும், சுவரைக் கண்டால் சுருங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் கம்மி, தூரம் போகும். ஆனால் பக்கத்து வீட்டுப் பெட்டிகள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே 2.4-ல்தான் முட்டிமோதும்.

மேலூர், தேனி காட்டிய வழி

கம்பியில்லா நெட் மதுரை வட்டாரத்துக்குப் புதிது அல்ல. 2001-லேயே மேலூர் வட்டாரக் கிராமங்களில் கம்ப்யூட்டர் மையங்கள் திறந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா முறையில் லைன் வந்தது. வேகம் வினாடிக்கு 35 முதல் 70 கிலோபிட்தான்! அதை வைத்துக்கொண்டே ஊர் ஜனங்கள் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கண்ணைப் படம் பிடித்து அனுப்பினார்கள்.

பிறகு தேனி அரவிந்த் ஆஸ்பத்திரியில் இருந்து சுற்றுப்புறக் கண் பரிசோதனை மையங்களுக்கு வைஃபையை நீட்டினார்கள். அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் துணை நின்றார்கள். கோபுரத்துக்குக் கோபுரம் ஆன்டெனா. மையத்தில் உட்கார்ந்த நோயாளி, தேனி டாக்டரிடம் திரையில் பேசினார். நெட் அறுந்தால் வைத்தியம் நின்றது!

அங்கே கோளாறுக்குக் காரணம் என்ன? 2008-ல் அந்த ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கட்டுரை போட்டு உடைத்தது. பெரும்பாலும் கரண்ட்தான்! கிராமத்து மின்சாரத்தில் 1000 வோல்ட் வரை எகிறியதை அளந்திருக்கிறார்கள். பெட்டிகள் கருகின. மின்சாரம் விட்டு விட்டு வந்ததில் உள்ளே பதிந்த விவரமும் கெட்டது. மையத்து ஊழியர்களுக்கே சிறு பழுது பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

வீட்டுக்கும் பாடம் இதுதான். கோடை இடி இடித்தால் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வெளியில் இருந்து செம்புக் கம்பி லைன் வந்தால் அதையும் கழற்றுங்கள். அடிக்கடி கரண்ட் போகும் தெருவில் பெட்டிக்குச் சின்ன யு.பி.எஸ். வைப்பது நல்லது.

பூட்டாத வீடு!

பாஸ்வேர்டு இல்லாத வைஃபை, பூட்டாத வீடு. 2008 ஜூலை 26-ல் ஆமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. சற்று முன்பு டி.வி. நிலையங்களுக்கு மிரட்டல் இ-மெயில் போயிருந்தது. போலீசார் துருவியதில், அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை வழியாக வந்தது தெரிந்தது. யாரோ அதில் நுழைந்து அனுப்பியிருக்கிறார்கள். விசாரணையில் சிக்கியது வீட்டுக்காரர்!

ஆகவே, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். வீட்டு எண், செல் நம்பர் வைக்காதீர்கள். திடீரென்று வேகம் குறைந்தால், யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் பாருங்கள். தெரியாத பேர்வழி இருந்தால் பாஸ்வேர்டை மாற்றியதுமே வெளியே விழுவான்.

போனவாரம் வந்த பில்லைத் தேடி எடுத்து, அதில் உள்ள புகார் நம்பரைப் பெட்டிமேல் ஒட்டிவையுங்கள். அதற்குக் கீழே 1930 என்றும் எழுதுங்கள். நெட் போகிற நேரத்தில் கூகுளில் நம்பர் தேடும் வேலையே இருக்காது.