திரைக்குப் பின்னால் ஒரு சலங்கை

இரவு பதினொரு மணி இருக்கும். இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. கீழே சலங்கை கட்டிய இரண்டு பாதங்கள். முகவீணை உச்சத்துக்கு ஏற, மிருதங்கமும் டோலக்கும் அதைத் துரத்துகின்றன. திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் எழுகிறது. "வந்துட்டாருப்பா, கர்ணன் வந்துட்டாரு" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் தொடையைத் தட்டுகிறார். திரை இன்னும் விலகவில்லை, முகம் தெரியவில்லை. அதற்குள் என் கையில் மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

காஞ்சிபுரத்தை அடுத்த எங்கள் ஊரான திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போகும் தூரத்தில் இருந்த ஒரு திரௌபதி அம்மன் கோயில் திடல் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. அன்று பிற்பகல்தான் அதே பந்தலில் பாரதப் பிரசங்கியார் கர்ணன் சாவதை விரிவாகச் சொல்லி முடித்திருந்தார். தொண்டை மண்டலத்துப் பாரதக் கூத்தின் முறையே அதுதான்: பகலில் கதையைக் கேட்பது, இரவில் அதையே கண்ணால் பார்ப்பது. 'கர்ண மோட்சம்' எப்படி முடியும் என்று அங்கே பாய் விரித்திருந்த குழந்தைக்கும் தெரியும். இருந்தும் ஊரே விடிய விடிய உட்கார்ந்திருந்தது. முடிவு தெரிந்த கதைக்கு, முன்பே பலமுறை பார்த்த ஒரு நடிகருக்கு, நாம் ஏன் இப்படித் தவமிருக்கிறோம்? வளர்ந்த பிறகு மூளை அறிவியல் படிக்கப் படிக்க, அந்த இரவு எனக்கு இன்னும் பெரிதாகிக்கொண்டே போனது.

மூன்று நாளின் ருசி

1987-இல் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் மாணவர்களிடம் ஒரு வேடிக்கையான கேள்வியைக் கேட்டார். உங்களுக்கு மிகவும் பிடித்த சினிமா நட்சத்திரம் உங்களுக்கு ஒரு முத்தம் தரப்போகிறார். அதற்கு எவ்வளவு பணம் கொடுப்பீர்கள்? இப்போதே என்றால் எவ்வளவு, மூன்று மணி நேரம் கழித்து, ஒரு நாள், மூன்று நாள், ஓர் ஆண்டு, பத்து ஆண்டு கழித்து என்றால் எவ்வளவு? நல்லது எதுவானாலும் சீக்கிரம் கிடைத்தால்தான் மதிப்பு என்பது பொருளியலின் பழைய பாடம். மாணவர்களோ மூன்று நாள் கழித்துக் கிடைக்கும் முத்தத்துக்குத்தான் அதிக விலை சொன்னார்கள்.

காரணம் எளிது. இப்போதே கிடைத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். மூன்று நாள் இருந்தால் அந்த மூன்று நாளும் நினைத்து நினைத்து மகிழலாம். பத்து ஆண்டு என்றால் நினைவே மங்கிவிடும். இதே ஆய்வில், மின் அதிர்ச்சியைத் தவிர்க்க எவ்வளவு கொடுப்பீர்கள் என்றும் கேட்டார். அதிர்ச்சி தள்ளிப்போகப் போக, அதைத் தவிர்க்க அதிகப் பணம் தர முன்வந்தார்கள். இன்பத்தைப் போலவே அச்சத்தையும் நாம் முன்கூட்டியே வாழ்ந்துவிடுகிறோம்.

கூத்து நோட்டீஸ் டீக்கடைச் சுவரில் ஒட்டப்பட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு அதுதான். "இந்த வருஷம் கர்ணன் யாரு, பொன்னுருவி யாரு?" கூத்து எங்களுக்கு அன்றே தொடங்கிவிடும்.

விளக்கு எரியும்போதே

சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் செல்களைக் கவனித்து வந்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு நாக்கில் விழுந்தால் அந்தச் செல்கள் துள்ளின. பிறகு, சாறு வருவதற்குச் சற்று முன் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கினார்கள். பழகிய பிறகு நடந்ததுதான் அதிசயம். செல்கள் விளக்கு எரியும்போதே துள்ளின. சாறு வரும்போது அமைதியாக இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வரவேண்டிய அந்தக் கணத்தில் வழக்கமான துடிப்பும் அடங்கியது.

டோபமைனை 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இந்தச் சோதனையைப் பார்த்தால் அதைக் கணக்குப் பிள்ளை என்று சொல்லத் தோன்றுகிறது. எதிர்பார்த்தது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று ஓயாமல் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறது. கிடைத்தது கூடுதல் என்றால் துள்ளல். சரியாக இருந்தால் மௌனம். குறைந்தால் சரிவு.

திரைத் துணியும் சலங்கைச் சத்தமும் என்னுடைய விளக்கு. அந்தச் சரிவையும் நான் அறிவேன். ஓர் ஆண்டு அதே துணிக்குப் பின்னாலிருந்து வேறொருவர் குரல் கேட்டது. நன்றாகவே பாடினார். ஆனாலும் திடலில் ஒரு பெருமூச்சு ஓடியதை இன்றும் என்னால் கேட்க முடிகிறது.

எதிர்பார்ப்பிலேயே டோபமைன் சுரப்பதை மனிதரிடம் காட்டியது 2011-இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலரி சலிம்பூர், ராபர்ட் சட்டோரே குழுவினர் செய்த ஆய்வு. எந்தப் பாட்டைக் கேட்டால் மெய்சிலிர்க்குமோ அதை அவரவரே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார்கள். எல்லாமே அவர்களுக்கு நன்கு தெரிந்த இசை. ஸ்கேன் கருவிக்குள் கேட்டபோது, சிலிர்ப்பு வரும் இடத்துக்குச் சில நொடிகள் முன்பு மூளையின் காடேட் என்ற பகுதியிலும், சிலிர்க்கும் அந்த நொடியில் அக்கம்பன்ஸ் என்ற பகுதியிலும் டோபமைன் சுரந்தது. வரப்போகிறது என்பதற்கு ஓரிடம். வந்துவிட்டது என்பதற்கு வேறோரிடம். உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதற்கென்றே ஓர் இயலை ஒதுக்கியது தொல்காப்பியம். மெய் பொய் சொல்லாது என்பதை நம்மவர்கள் அப்போதே கவனித்திருக்கிறார்கள்.

அட்டையில் இருக்கும் மயில்

சரி, முடிவு தெரிந்துவிட்டால் ருசி குறையாதா? 2011-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு உளவியலாளர்கள் 12 சிறுகதைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள், சிலருக்குச் சொல்லவில்லை. முடிவு தெரிந்து படித்தவர்களே கதையை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். பின்னர் வந்த சில ஆய்வுகள் இதற்கு மாறான முடிவையும் காட்டின, ஆகவே இதை எல்லாக் கதைக்குமான விதியாக்க முடியாது. ஆனால் முடிவு தெரிந்தால் எல்லாம் போயிற்று என்ற நம்பிக்கையை அந்த ஆய்வு அசைத்துவிட்டது.

எனக்கு இதைப் புரியவைத்தது தறி. எங்கள் பக்கத்து நெசவு வீடுகளில் ஜக்கார்டு பெட்டிக்கு மேலே துளையிட்ட அட்டைகள் கோத்துத் தொங்கும். முந்தியில் வரவேண்டிய மயில் முழுவதும் அந்த அட்டைகளில் ஏற்கெனவே இருக்கிறது. நெசவாளருக்கும் அது தெரியும். ஆனாலும் நாடா ஒருமுறை ஓடி ஓர் இழை விழும்போதுதான் மயிலின் கழுத்தில் ஒரு கோடு பிறக்கிறது. அடித்த அடியில் இழுப்பு கூடினால் மயிலின் முகம் மாறிவிடும். கதை என்பது அட்டை. நடிகர்தான் ஊடை இழை.

அன்றிரவு நடந்ததைச் சொல்கிறேன். போருக்குப் புறப்படும் கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி மறிக்கிறாள். எப்போதும் அந்த இடத்தில் கர்ணனாக நடிப்பவர் பாடிக்கொண்டே சுழன்று போவார். அன்று பாட்டை நிறுத்திவிட்டார். மெல்ல வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தாளம் போடுகிறவரின் கை அந்தரத்தில் நின்றது. நான்கைந்து நொடிதான். பிறகு எழுந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் அடுத்த அடியைப் பாடினார். எங்கள் மூளை கணக்குப் போட்டு வைத்திருந்த இடத்தில் அவர் இன்னொன்றை வைத்தார். கதை ஓர் அணுவும் மாறவில்லை. கணக்குப் பிள்ளை துள்ளிக் குதித்திருப்பார்.

பர்பேஜும் அமலாதித்யனும்

ஷேக்ஸ்பியரின் ரகசியமும் இதுதான் என்று நினைக்கிறேன். 'ரோமியோ ஜூலியட்' தன் முன்னுரையிலேயே காதலர்கள் சாவதைச் சொல்லிவிடுகிறது. ஹாம்லெட் கதையும் லியர் கதையும் அவர் எழுதுவதற்கு முன்பே லண்டன் மேடையில் நடிக்கப்பட்டவை. அவருடைய குழுவின் நாயகர் ரிச்சர்ட் பர்பேஜ். ஹாம்லெட், ஒத்தெல்லோ, லியர் ஆகிய மூன்று வேடங்களும் முதலில் அவருக்கே அமைந்தன. தெரிந்த கதையில் பர்பேஜ் என்ன செய்யப்போகிறார் என்று பார்க்கத்தான் தேம்ஸ் நதியைத் தாண்டிப் போனார்கள்.

ஷேக்ஸ்பியரை நம் பக்கம் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கி, அந்த வேடத்தைத் தாமே தாங்கினார். வெனிஸ் வணிகன் 'வாணீபுரத்து வணிகன்' ஆனான். மாக்பெத் 'மகபதி' ஆனான். சபையில் அவருக்கு எதிரே பெண் வேடத்தில் ரங்கவடிவேலு. இந்த இருவரையும் சேர்ந்து பார்ப்பதற்கென்றே வந்த கூட்டம் உண்டு.

எங்கள் காஞ்சிக்கும் இந்த வரிசையில் இடம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாச பிரகசனம்' காஞ்சித் தெருக்களில் நடக்கும் நாடகம். அந்தக் காஞ்சியில் பிறந்த அண்ணா எழுதிய சிவாஜி நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்த கணேசனுக்குத்தான் பெரியார் 'சிவாஜி' என்று பெயர் சூட்டினார். சிறுவயதில் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்து நடிகனாக வேண்டும் என்று முடிவெடுத்த அந்தக் கணேசன், 1963-இல் 'இரத்தத் திலகம்' படத்தில் மேடை ஒத்தெல்லோவாகவும், 1973-இல் 'ராஜபார்ட் ரங்கதுரை'யில் ஹாம்லெட்டாகவும் நின்றார். ஆங்கிலம் அறியாத என் அத்தை அந்த ஹாம்லெட் காட்சிக்காகவே இரண்டாம் முறை படம் பார்த்தவர். "பேச்சு என்னடா, மொகத்தப் பாரு" என்பார்.

முந்திக்கொள்ளும் மூளை

2010-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசன் குழுவினர் ஒரு பெண்ணை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்துக் கதை சொல்லச் சொன்னார்கள். அதைக் கேட்டவர்களின் மூளையையும் பதிவு செய்தார்கள். கேட்பவர் மூளையின் அசைவுகள் சொல்பவர் மூளையை ஒத்து, சற்றுப் பிந்தி நடந்தன. ஆனால் சில பகுதிகளில் கேட்பவர் மூளை முந்திக்கொண்டது, சொல்பவர் அங்கே வருவதற்கு முன்பே போய் நின்றது. அப்படி முந்தி நின்றவர்களே கதையை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

காத்திருப்பது சும்மா இருப்பதல்ல என்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் படித்ததில்லை. திடலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் உள்ளுக்குள் ஒரு கர்ணனை ஆடிக்கொண்டிருக்கிறார். மேடைக் கர்ணன் வந்து அந்தக் கர்ணனோடு பொருந்துகிறான், சில இடங்களில் அவனைத் தாண்டிப் போகிறான்.

எங்கள் ஊர்ச் சமணக் கோயிலின் சங்கீத மண்டபத்தில் மேலே நிமிர்ந்து பார்த்தால் இது இன்னும் விளங்கும். 1387-88-இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய மண்டபம் அது. விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகள் வரிசை வரிசையாக, கீழே தமிழில் குறிப்போடு தீட்டப்பட்டிருக்கின்றன. வண்ணம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. கதை அறிந்த சமணப் பெரியவர் ஒருவர் விரலை நீட்டிக்கொண்டே நடப்பதைப் பார்த்திருக்கிறேன். படம் அழிந்த கட்டத்திலும் அவர் விரல் நிற்காது. அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. என் கர்ணன் கட்டை வேடத்தில் லியர் மன்னராக வரவேண்டும். புஜக்கட்டையும் கிரீடமுமாகத் தொடங்கி, புயல் காட்சியில் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்க வேண்டும். அவருக்கு இப்போது லியரின் வயதும் ஆகிவிட்டது. போன சித்திரையில் கூத்து முடிந்த விடியலில், அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்தவரிடம் கதையைச் சொன்னேன். ராஜ்யத்தைப் பெண்களுக்குப் பிரித்துக்கொடுத்துவிட்டு மழையில் நிற்கும் கிழவன் என்றதும், எண்ணெய்த் துணியை முகத்திலிருந்து எடுத்தார். "அந்தக் கடைசிப் பொண்ணு செத்துருமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவளத் தூக்கிக்கிட்டு வரும்போது தாளம் கூடாது" என்றார்.

அன்றிலிருந்து காத்திருக்கிறேன்.