டெம்ப்பில் மாட்டிய தேர்

ஐப்பசி முடியும் நாட்களில், நவம்பர் நடுவில், கல்பாத்தியில் தேர் ஓடும். அந்த வாரம் பாலக்காட்டு ஸ்டுடியோக்காரர்களுக்குத் தூக்கம் குறைவு. அவர்களில் ஒருவர் தேர்ப் படங்களை எல்லாம் ஆங்கிலத்தில் 'டெம்பிள் கார்' என்று பெயரிட்ட ஃபோல்டரில் போட்டு வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் ராத்திரி கம்ப்யூட்டர் தானாகவே வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவிடும். படத் திருத்த மென்பொருள் கக்கிப் போடும் தற்காலிக ஃபைல்கள் இடத்தை அடைக்கின்றனவே என்று ஒரு நாள் அவர் ஒரு விலக்கு விதி எழுதுகிறார். பெயரில் எந்த இடத்தில் 'டெம்ப்' வந்தாலும் அதைச் சேர்க்காதே என்பது விதி. 'டெம்ப்' என்ற நாலெழுத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக்குறி (*), அவ்வளவுதான். மறுநாளே பேக்கப்பின் அளவு சரசரவென்று இறங்குகிறது. அவருக்குப் பரம திருப்தி.

ஆங்கிலத்தில் 'டெம்பிள்' என்று எழுதினால் முதல் நாலு எழுத்தும் 'டெம்ப்'தான். குப்பையோடு சேர்ந்து தேரும் போய்விட்டது.

விலக்கு விதியில் விழும் பிழைகள் இரண்டு வகை. சேர்க்க வேண்டாம் என்றதைச் சேர்த்துவிடுவது ஒன்று. டிஸ்க் நிரம்பும், நேரம் பிடிக்கும், எரிச்சலோடு நாமே கண்டுபிடித்துவிடுவோம். சேர்க்க வேண்டியதை விட்டுவிடுவது மற்றொன்று. இதில் மென்பொருள் முனகுவதுகூட இல்லை. சொன்னபடி செய்ததாகவே அது நினைக்கும். பச்சை 'டிக்' விழும், 'வெற்றிகரமாக முடிந்தது' என்று அறிவிப்பு வரும். டிஸ்க் பழுதாகி, பேக்கப்பைத் திறந்து பார்க்கும் நாளில்தான் சமாசாரம் வெளியே வரும்.

பேக்கப் சத்தமில்லாமல் தோற்பது பெரிய இடங்களிலும் நடக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், தினசரி நகல் எடுக்கும் கருவி பதிப்பு பொருந்தாமல் வெகு நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரம் முன்பு, வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்த நகல் ஒன்றுதான் மானத்தைக் காப்பாற்றியது. அங்கே குற்றவாளி விலக்கு விதி அல்ல. ஆனால் அந்த மௌனம் அதே மௌனம்தான்.

விதிகள் ஏன் பிசகுகின்றன? முதல் காரணம் வரிசை. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் எழுதி 1996-ல் வெளிவந்த 'ஆர்சிங்க்' இன்றும் உலகம் முழுக்கப் பேக்கப் வேலை பார்க்கிறது. அது விதிகளை மேலிருந்து கீழே படிக்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு சரி, அடுத்த வரியைத் திரும்பியும் பாராது. நிரலாளர்கள் பயன்படுத்தும் 'கிட்' நேர் எதிர். அதில் கடைசியாகப் பொருந்துவதே செல்லும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் எழுதினால், பட்டியல் பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும். பலன் தலைகீழாக இருக்கும்.

இரண்டாவது, தாய் ஃபோல்டர். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் போடியிலிருந்து மூணாறு போகிறவர்கள் போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகப் போவார்கள். போடிமெட்டிலேயே சாலையை அடைத்துவிட்டு, 'பூப்பாறை போகிறவர்களுக்கு மட்டும் அனுமதி' என்ற பலகையைப் பூப்பாறையில் கொண்டுபோய் நட்டால் யார் அதைப் படிப்பது? ஆனால் இதைத்தான் பலர் செய்கிறார்கள். மேல் ஃபோல்டரை விலக்கிவிட்டு, அதற்குள் இருக்கும் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள் என்று அடுத்த வரியில் எழுதுகிறார்கள். ஆர்சிங்க் ஆகட்டும், கிட் ஆகட்டும், விலக்கிய ஃபோல்டருக்குள் நுழையவே நுழையாது. உள்ளே இருக்கும் பலகை அதன் கண்ணில் படாது.

மூன்றாவது சாய்கோடு (/). ஆர்சிங்க்கில் விதியின் தொடக்கத்தில் அதைப் போட்டால் 'பேக்கப் தொடங்கும் இடத்திலிருந்து' என்று பொருள். டிஸ்க்கின் வேரிலிருந்து அல்ல. முழு முகவரியையும் அக்கறையாக எழுதியவரின் விதிதான் பொருந்தாமல் போகும். முடிவில் போட்டால் ஃபோல்டருக்கு மட்டும் பொருந்தும், அதே பெயருள்ள ஃபைலுக்குப் பொருந்தாது.

நாம் எழுதாத விதிகளும் உண்டு. உபுண்டுவில் 2011 அக்டோபர் பதிப்பிலிருந்து கூடவே வந்த 'டெஜா டூப்' பேக்கப் கருவி, நிறுவிய நிலையிலேயே இரண்டை விலக்கி வைத்திருக்கும்: குப்பைத்தொட்டியும் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரும். குப்பைத்தொட்டி நியாயம். இறக்கியதை மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்பது டவுன்லோட்ஸை விட்டதற்கான கணக்கு. ஆனால் நம் ஊரில் அந்த ஃபோல்டர்தான் பீரோ. வாட்ஸ்அப்பில் வந்த பட்டா நகல், அரசுத் தளத்தில் எடுத்த சாதிச் சான்றிதழ், பள்ளிக்கு வந்த சுற்றறிக்கை எல்லாம் அங்கேயே குடியிருக்கும். கேரளத்தில் இது கூடுதல் கவனத்துக்குரியது. 2001-ல் 'ஐடி அட் ஸ்கூல்' என்று தொடங்கி 2017-ல் 'கைட்' நிறுவனமாக மாறிய அமைப்பு, அங்குள்ள அரசுப் பள்ளிகளுக்கு உபுண்டு அடிப்படையிலான கட்டற்ற இயங்குதளத்தையே தருகிறது. சித்தூர், தேவிகுளம் தாலுகாக்களின் தமிழ்வழிப் பள்ளிகளும் அந்த ஏற்பாட்டுக்குள் வருபவைதான்.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். இனி வருவது தமிழக–கேரள எல்லைப் பகுதிக்கே உரிய வம்பு.

மென்பொருள் பெயரைப் படிப்பதில்லை, எழுத்தின் எண்களைத்தான் ஒப்பிடுகிறது. கொழிஞ்சாம்பாறை என்ற ஊர்ப் பெயரின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு எண்களாக எழுதலாம். அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என மூன்றாகப் பிரித்தும் எழுதலாம். வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றேதான், பூதக்கண்ணாடி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆப்பிளின் பழைய மேக் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. மேக்கில் பிறந்த அப்படியொரு ஃபோல்டர் லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு வந்திருக்க, நாம் விசைப்பலகையில் தட்டிய விதி சேர்ந்த வடிவில் இருந்தால் இரண்டும் சந்திக்கவே மாட்டா. கோவிந்தாபுரம், போடிமெட்டு இரண்டுக்கும் இதே கதி. தேவிகுளமும் குமுளியும் தப்பித்தன, அவற்றில் ஒகரமும் இல்லை, ஓகாரமும் இல்லை.

இந்தப் பிணக்குக்கு மருந்து உண்டு. பிரிந்ததும் சேர்ந்ததும் சமம் என்று யூனிகோடே விதித்திருப்பதால், பெயர்களை ஒரே வடிவுக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஆர்சிங்க்கிலேயே மேக் பெயர்களை மாற்றிக்கொள்ள ஒரு விருப்பத்தேர்வு உண்டு. ஆனால் கடைப் பெயர்களின் தலையில் உட்கார்ந்திருக்கும் 'ஸ்ரீ'க்கு அந்த மருந்து பலிக்காது. ஸகரத்தை வைத்து எழுதுவது ஒரு வழக்கம். 2005-ல் யூனிகோடில் 'ஶ' தனியெழுத்தாகச் சேர்ந்தபின் அதை வைத்து எழுதுவது மற்றொரு வழக்கம். பல எழுத்துருக்களில் உருவம் ஒன்றே. யூனிகோடின் கணக்கில் இவை வேறு வேறு சொற்கள்.

மலையாளத்தில் இதன் அண்ணன் இருக்கிறது. சொல்லின் கடைசியிலோ நடுவிலோ வரும் 'ர்', 'ல்', 'ன்' போன்ற சில்லெழுத்துகளை முன்பெல்லாம் மெய்யெழுத்து, நம் புள்ளி போன்ற சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி என்று மூன்றாகச் சேர்த்து எழுதினார்கள். 2008-ல் வந்த யூனிகோட் 5.1 சில்லுகளுக்குத் தனித்தனி எண் கொடுத்தது. பழையதையும் புதியதையும் சமம் என்று அது சொல்லவில்லை. எல்லையோர ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொண்டால், மலையாளத்தில் மூணாறு, மறையூர், சித்தூர் மூன்றுமே சில்லில்தான் முடிகின்றன. பத்தாண்டு இடைவெளியில் இரண்டு பேர் தட்டிய 'மறையூர்' ஃபோல்டர்களில் ஒன்று மட்டும் விதியில் சிக்கினால், டிஸ்க்கில் கோளாறு என்று அலைவதற்கு முன் சில்லைப் பார்க்க வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி? பல நல்ல கருவிகளில் ஒத்திகை ஓட்டம் உண்டு. எதையும் நகலெடுக்காமல், எடுத்தால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டும். ஆர்சிங்க்கில் கூடுதல் விவரம் கேட்டு ஒத்திகை ஓட்டினால், எந்த ஃபைலை எந்த விதியால் மறைத்தது என்று வரிக்கு வரி சொல்லும். நம் ஸ்டுடியோக்காரர் அதைப் பார்த்திருந்தால் தேர் அங்கேயே பிடிபட்டிருக்கும். பட்டியல் நீளம் என்றால் விதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். எந்த விதியில் ஃபைல் எண்ணிக்கை திடீரென்று சரிகிறதோ அங்கே ஆள் இருக்கிறான். ஃபோல்டர் பெயரைப் புதிதாகத் தட்டாமல், இருக்கும் பெயரையே நகலெடுத்து விதியில் ஒட்டினால் எழுத்துச் சிக்கல் பெரும்பாலும் தீரும். பிறகு மாதம் ஒரு முறை ஏதோ ஒரு ஃபோல்டரை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். இதில் மட்டும் குறுக்குவழி இல்லை.

ஸ்டுடியோக்காரர் விதியிலிருந்த இரண்டு நட்சத்திரக்குறிகளையும் எடுத்துவிட்டு, 'டெம்ப்' என்று மட்டுமே பெயருள்ள ஃபோல்டரை விலக்கச் சொன்னால் போதும். தேர்ப் படங்களுக்கும் 'கல்பாத்தி' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், அதில் ஒகரமும் இல்லை, ஸ்ரீயும் இல்லை. மலையாளத்தில் வைப்பதானால் மட்டும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே இரண்டாம் எழுத்தே சில்லு.