படிக்கத் திணறும் பிள்ளை மக்கு அல்ல



உங்கள் பையன் கேட்ட கதையை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்கிறான். கடைக்கு அனுப்பினால் சில்லறை சரியாக வாங்கி வருகிறான். ஆனால் பாடப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் திணறுகிறான். நேற்று படித்த சொல்லை இன்றைக்குப் புதுச் சொல் போலப் பார்க்கிறான். உடனே நாம் என்ன சொல்கிறோம்? "மக்கு", "சோம்பேறி", "மாடு மேய்க்கத்தான் லாயக்கு". அடியும் விழுகிறது. பிறகு புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. "எல்லாம் நீ குடுக்கிற செல்லம்" என்கிறார் அவர். "உங்க வம்சத்துல யாருக்குத்தான் படிப்பு ஏறிச்சு?" என்கிறார் இவர்.

கொஞ்சம் பொறுங்கள். இது யாருடைய குற்றமும் இல்லாமல் இருக்கலாம்.

இது என்ன குறை?

இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். வாசிப்புக் குறைபாடு என்று சொல்லலாம். எழுத்தைப் பார்த்ததும் அதன் ஒலியை மூளை சட்டென்று சேர்த்துத் தர வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த வேலை மெதுவாக நடக்கிறது. புத்திக் குறைவு அல்ல. 1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து டாக்டர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கு நன்றாகப் போடுவான். சாதாரணச் சொல்லைக் கூடப் படிக்க முடியாது. பாடமெல்லாம் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்றார் அவனுடைய ஆசிரியர்.

நூறு பிள்ளைகளில் 5 முதல் 10 பேருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. பரம்பரையாக வரக்கூடியது, அப்பா வழியிலும் வரலாம், அம்மா வழியிலும் வரலாம். கர்ப்ப காலத்தில் தாய் தவறிவிட்டாள் என்றோ, செல்லம் கொடுத்ததால் வந்தது என்றோ பழி போடுவது நியாயமில்லை.

தமிழில் எங்கே இடறும்?

'கொடி' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது 'க்' என்ற ஒலி. ஆனால் கண்ணில் முதலில் படுவது கொம்பு, பிறகு 'க', அதற்கும் பிறகு கால். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ண-ன, ல-ள-ழ, ர-ற எல்லாம் குழப்பும். 'பல்' என்பதில் ஒரு ஒலி, 'கம்பு' என்பதில் வேறு ஒலி. எழுத்து மட்டும் ஒன்றே. நமக்குப் பழகிவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசு.

ஆறேழு வயது வரை எழுத்தைத் திருப்பிப் போடுவது சகஜம், பயப்பட வேண்டாம். இரண்டாம் வகுப்பு முடிந்த பிறகும் சின்னச் சொற்களைக் கூட்டிப் படிக்கத் திணறினால் கவனியுங்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துப் பாருங்கள்.

தி. நகரில் நடப்பது

சென்னையில் 1991-இல் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தொடங்கப்பட்டது. தி. நகரில் இவர்கள் நடத்தும் அனன்யா மையத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறு குழுவாக, அவரவர் வேகத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, காதால் கேட்டு, விரலால் தடவிக் கற்கும் முறை இது. தேறிய பிள்ளைகள் வழக்கமான பள்ளிக்கே திரும்புகிறார்கள். பள்ளி ஆசிரியர்களுக்கும் இங்கே பயிற்சி உண்டு.

'பட்டணத்துக்குப் போக நமக்கு ஏது வசதி?' என்று நினைக்காதீர்கள். இந்த முறையின் அடிப்படை நம் வீட்டுத் திண்ணையிலும் நடக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. தட்டில் மணலையோ அரிசியையோ பரப்புங்கள். எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொண்டே பிள்ளை விரலால் எழுதட்டும். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியிலும் மணலில்தானே எழுதினார்கள்!

2. ஒலி விளையாட்டு விளையாடுங்கள். "மரத்துல 'ம' போனா மிச்சம் என்ன?" எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம்.

3. தினம் கால் மணி நேரம் போதும். ஒரு நாள் அப்பா, ஒரு நாள் அம்மா என்று மாறி மாறி உட்காருங்கள்.

4. பாடத்தை நீங்களோ அக்காவோ அண்ணனோ படித்துக் காட்டுங்கள். பிள்ளை காதால் கேட்டாவது பாடத்தைப் பிடித்துக்கொள்ளட்டும்.

5. தம்பி தங்கையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். அடிக்காதீர்கள். அடிபட்ட பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே நடுங்கும்.

6. இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஞாபக சக்தி டானிக்குக்கும் மந்திரித்த கயிற்றுக்கும் காசைக் கொட்டாதீர்கள்.

யாரைக் கேட்பது?

முதலில் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் உண்டு. பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடமும், உங்கள் ஊர் நர்சம்மாவிடமும் சொல்லுங்கள். எங்கே சோதிக்கலாம் என்று வழி காட்டுவார்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. மருத்துவச் சான்று இருந்தால், பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு போன்ற சலுகைகள் கேட்கலாம். பத்தாம் வகுப்பு வரும் வரை காத்திராமல் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பெற்றோர்களே! படிப்பு வரவில்லை என்று பிள்ளையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். பெண் பிள்ளையென்றால் நிறுத்திக் கல்யாணம் பேசுவது இன்னும் பெரிய அநியாயம். எழுத்து மெதுவாக வரலாம், வராமல் போகாது. சீக்கிரம் கண்டுபிடித்து, கணவனும் மனைவியும் ஒன்றாகக் கை கொடுத்தால் உங்கள் பிள்ளையும் படிக்கும்.