கறவை மாடு நொண்டுதா? காலைப் பார்க்கும் முன் தொழுத்தின் தரையைப் பாருங்க!

தீவனத்தில் குறை வைக்கவில்லை. தடுப்பூசியும் போட்டாச்சு. ஆனாலும் பால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருகிறது. நிற்கும்போது பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றுகிறது மாடு. நடக்கும்போது முதுகை வில் மாதிரி வளைக்கிறது. முன்னங்கால் முட்டியில் ஒரு வீக்கம், பின்னங்கால் மூட்டின் வெளிப்பக்கத்தில் முடி உதிர்ந்த ஒரு வட்டம். 'எங்கேயோ இடிச்சிருக்கும்' என்று பலரும் விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அது இடித்துக்கொள்வது, தினமும் தான் படுத்து எழும்பும் அதே இடத்தில்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பிரச்னைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம் இது. தொழுத்தின் தரை நன்றாகக் காய்ந்து கிடக்கும் மாதங்கள் குறைவு. கடினமான தரையும் ஈரமும் ஒன்றாகச் சேரும்போது மாட்டின் கால் என்ன ஆகும்?

மண் தரை போய் சிமெண்ட் வந்தது

தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அடங்கிய நாஞ்சில் நாட்டில் பழைய தொழுத்துகள் மண் தரைதான். மூத்திரம் ஊறிய மேல்மண்ணை அவ்வப்போது வெட்டி எடுத்து எருவோடு சேர்ப்பார்கள். புதுமண் போட்டு நிரப்புவார்கள். வெட்டிய மண் வயலுக்குப் போய்விடும். மாடும் பகலில் உழவுக்கோ மேய்ச்சலுக்கோ போய்விடும். தொழுத்து என்பது ராத்திரி தங்கும் இடம், அவ்வளவுதான்.

இன்றைக்கு உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மிஷின். மேய்ச்சலுக்குப் போன இடங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. தொழுத்தில் நிற்பது நாட்டு மாட்டைவிடக் கனமான ஜெர்சி கலப்பினம். அது நாள் முழுக்க ஒரே இடத்தில் கட்டிக் கிடக்கிறது. காலுக்குக் கீழே சிமெண்ட்.

சிமெண்ட் போட்டது தப்பு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. கழுவ எளிது, சாணியை வாரி எடுக்கலாம், பால் சுத்தமாக இருக்கும். அதன்மேல் எதையும் விரிக்காமல் விடுவதுதான் சிக்கல்.

படுத்துக் கிடப்பதும் ஒரு வேலை!

நல்ல வசதி கிடைத்தால் ஒரு கறவை மாடு ஒரு நாளில் 10 முதல் 14 மணி நேரம் வரை படுத்துக் கிடக்கும். அதுவும் ஒரே மூச்சில் இல்லை. பல தடவை எழும்பி, பல தடவை படுக்கும். படுத்து அசைபோடும்போது மடிக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. கால்களுக்கு ஓய்வு கிடைக்கிறது. 'சும்மா படுத்தே கெடக்கு' என்று மாட்டைக் குறை சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

மாடு படுக்கும்போது முதலில் முன்னங்கால் முட்டிகளை மடக்கித் தரையில் ஊன்றும். உடல் எடையின் பெரும்பகுதி அந்த இரண்டு முட்டிகள் மேல் விழும். எழும்பும்போது தலையை முன்னால் நீட்டி, முட்டியை ஊன்றி, பின்பக்கத்தை முதலில் தூக்கும். வெறும் சிமெண்ட் தரையில் தினமும் பல தடவை இப்படி முட்டி போட்டால், முட்டியில் நீர் கோத்து வீங்கும். வலிக்குப் பயந்து மாடு படுப்பதைத் தள்ளிப்போடும். மணிக்கணக்கில் நின்றுகொண்டே இருக்கும். அசல் பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது.

குளம்புக்குள்ளே என்ன நடக்கிறது?

வெளியே தெரியும் குளம்பு, நம்ம நகம் மாதிரி உணர்ச்சியற்ற ஒரு கூடு. அதற்குள்ளே ரத்த நாளங்களும் நரம்புகளும் நிறைந்த மெல்லிய தசைப்படலம். அதற்கும் மேலே பாத எலும்பு. எலும்புக்கு அடியில் மெத்தை போல ஒரு கொழுப்புத் திண்டு. மாடு நீண்ட நேரம் கடினத் தரையில் நிற்கும்போது, எலும்புக்கும் தரைக்கும் நடுவே அந்தப் படலம் நசுங்குகிறது. ரத்தம் கட்டுகிறது. வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் குளம்பின் அடியில் புண் உண்டாகிறது.

பின்னங்கால்களின் வெளிப்பக்கக் குளம்புதான் அதிக எடையைத் தாங்குகிறது என்பதால் இந்தப் புண் அங்கேதான் அதிகம் வருகிறது. மெலிந்த மாடுகளுக்கு ஆபத்து கூடுதல். உடம்பில் கொழுப்பு குறையும்போது பாதத்தின் திண்டும் மெலிந்துவிடும்.

கன்று போடும் சமயத்தில் இன்னும் கவனம் தேவை. பிரசவத்துக்காக உடலின் தசைநார்கள் தளரும்போது, குளம்புக்குள் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பும் தளர்கிறது. அந்த நாட்களில் கடினத் தரையில் நின்ற மாட்டுக்கு, புண் பல வாரங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதனால்தான் 'கன்று போட்டு ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு, திடீர்னு நொண்டுது' என்ற புகார் வருகிறது. திடீரென வந்த நோய் இல்லை அது.

ஈரம் செய்யும் வேலை

கைவிரல் நகம் தண்ணீரில் ஊறினால் எப்படி மெத்தென்று ஆகிறதோ, குளம்பும் அப்படித்தான். ஊறிய குளம்பு சொரசொரப்பான சிமெண்டில் சீக்கிரம் தேய்கிறது. சாணியும் மூத்திரமும் கலந்த சகதியில் நிற்கும்போது இரு குளம்புகளுக்கு இடையே உள்ள தோல் வெந்து வெடிக்கிறது. சாணியிலும் மண்ணிலும் உள்ள பாக்டீரியாக்கள் அந்த வெடிப்பு வழியே நுழைந்தால் குளம்பழுகல். காலில் வீக்கம், நாற்றம், காய்ச்சல். மாடு அந்தக் காலை ஊன்றவே ஊன்றாது.

குதிரை லாயம் சொல்லும் பாடம்

படுக்கைக்கும் காலுக்கும் உள்ள உறவை உலகத்தில் அதிகம் யோசித்தவர்கள் குதிரை வளர்ப்பவர்கள்தான். 'பாதம் இல்லையென்றால் குதிரையே இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழியே உண்டு. குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது உண்மை. ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்கு அதுவும் படுத்தாக வேண்டும். படுக்க வசதியில்லாமல் பல நாள் உறக்கம் கெட்ட குதிரை, நின்ற நிலையிலேயே கண் செருகி முன்னங்கால் மடங்கி விழுவதும் உண்டு. ஈரப் படுக்கையில் நிற்கும் குதிரைக்குக் குளம்பின் அடியில் இருக்கும் ஆப்பு வடிவ மென்பகுதி அழுகி நாறும்.

இன்னொரு ஆச்சரியமான விஷயம்: அமெரிக்காவில் வளரும் கறுப்பு வால்நட் மரத்தின் சீவல் படுக்கையில் கலந்திருந்தால், ஒரே நாளுக்குள் குதிரையின் குளம்புக்குள் கடும் அழற்சி வந்துவிடும். கலந்தது கொஞ்சம்தான் என்றாலும் போதும். அந்த மரம் நம்ம ஊரில் இல்லை. ஆனால் கிடைத்த மரத்தூளையெல்லாம் கொண்டுவந்து கொட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

குதிரையை வைத்து மாட்டுக்கு ஒரு சோதனையும் செய்யலாம். குதிரை எழும்பும்போது முன்னங்கால்களை முதலில் ஊன்றும். மாடு அதற்கு நேர் எதிர். உங்கள் மாடு குதிரை மாதிரி முன்பக்கத்தை முதலில் தூக்கி எழும்பினால், முட்டியில் வலி இருக்கலாம். இல்லையென்றால் தலையை முன்னால் நீட்ட இடமில்லாமல் கயிறு குட்டையாக இருக்கலாம், முன்னால் தொட்டியோ சுவரோ இடிக்கலாம்.

சரி, எதை விரிப்பது?

நாஞ்சில் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது வைக்கோல். மெத்தென்று இருக்கும், ஈரத்தை உறிஞ்சும், அப்புறம் எருவாகும். பிரச்னை, அதுவே தீவனம் என்பதுதான். வைக்கோலுக்குக் காசு கொடுப்பவர் அதைக் காலுக்குக் கீழே போட யோசிப்பார். மாடு தின்றது போக மிஞ்சும் கழிப்பு வைக்கோலை ஒதுக்கி வைத்து ராத்திரி விரிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். கும்பப்பூ அறுப்பு வெயில் காலத்தை ஒட்டி முடிவதால் அந்த வைக்கோல் நன்றாகக் காயும். கன்னிப்பூ அறுப்போ மழையின் நடுவே. பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் படுக்கைக்கும் போட வேண்டாம். மாடு அதையும் தின்னும்.

அடுத்தது ரப்பர் பாய். தமிழ்நாட்டின் ரப்பர் தோட்டங்களில் பெரும்பகுதி கல்குளம், விளவங்கோடு பக்கம்தான் இருக்கிறது. பொதுவாக ஆறரை அடி நீளம், நாலடி அகலத்தில் கிடைக்கும் இந்தப் பாய் முட்டிக்கும் குளம்புக்கும் நல்ல பாதுகாப்பு. ஆனால் 'பாய் வாங்கிப் போட்டாச்சு, வேலை முடிஞ்சது' என்று இருப்பவர்கள் ஏமாறுவார்கள். ரப்பர் ஈரத்தை உறிஞ்சாது. பாய்க்கு அடியில் மூத்திரம் தேங்கினால் நாற்றம், புழு, கொசு எல்லாம் வரும். மேலே வழுவழுப்பாகச் சாணி படிந்தால் சிமெண்டைவிட மோசமாக வழுக்கும். அடிக்கடி தூக்கிக் கழுவிக் காயவைக்க வேண்டும், மேலே கொஞ்சம் வைக்கோலோ தூளோ தூவ வேண்டும்.

மரத்தூள் விலை குறைவு, நன்றாக உறிஞ்சும். ஆனால் ஈரமான மரத்தூளில் பாக்டீரியா பெருகும் வேகம் அதிகம். அது மடிநோய்க்கு வழி. காலைக் காப்பாற்றப் போய் மடியை இழக்கக் கூடாது இல்லையா? மடி படும் பின்பக்கத்தில் தினமும் தூளை மாற்ற வேண்டும். அறுவை மில்லில் இருந்து வரும் மருந்தடிக்காத தூளை மட்டும் கேட்டு வாங்குங்கள். ரப்பர் மரத்தில் பூச்சி, பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க போரான் மருந்து ஏற்றுவது வழக்கம். அப்படிப் பதப்படுத்திய மரத்தின் தூளும், பிளைவுட் தூளும் வேண்டாம்.

தேங்காய் நார்க் கழிவு, அதாவது தும்புத் தூள், தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். உலர்ந்ததாக இருந்தால் அருமையான படுக்கை. அதே குணம்தான் அதன் குறையும்: ஒருமுறை ஊறிவிட்டால் லேசில் காயாது. மழைக்காலத்தில் வெளியே குவித்து வைத்த தூளை அப்படியே அள்ளிப் போட்டால், மாட்டை ஈரத் துணியில் படுக்க வைத்த மாதிரிதான்.

உலக அளவில் பெரிய பண்ணைகளில் அதிகம் புகழப்படுவது மணல். பாக்டீரியாவுக்குத் தீனி இல்லை, உடலுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும், பிடிமானமும் உண்டு. 'நம்ம ஊர்லதான் கடற்கரை பூரா மணல் கெடக்கே' என்று கேட்கத் தோன்றும். கூடவே கூடாது. மணவாளக்குறிச்சியில் பொதுத்துறை நிறுவனம் கனிமங்களைப் பிரித்தெடுக்கும் அளவுக்கு இந்தக் கடற்கரை மணலில் மோனசைட், இல்மனைட் போன்றவை இருக்கின்றன. மோனசைட்டில் கதிரியக்கத் தோரியமும் உண்டு. அனுமதியில்லாமல் கடற்கரை மணலை அள்ளுவது சட்டப்படியும் குற்றம். ஆற்று மணலுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. எம்-சாண்டின் கூர்முனைகளோ குளம்பையும் தோலையும் உரசித் தேய்க்கும். ஆக, புத்தகங்களில் முதலிடம் பிடிக்கும் படுக்கை குமரியில் நடைமுறைக்கு ஒத்துவராது.

இத்தனையும் சொன்ன பிறகும், பொருளின் பெயரைவிட அது காய்ந்திருக்கிறதா, மெத்தென்று இருக்கிறதா, வழுக்காமல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். காய்ந்த மண் தரையில் நிற்கும் மாட்டின் கால், நாறும் ரப்பர் பாயில் நிற்கும் மாட்டின் காலைவிட நன்றாகவே இருக்கும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி: மாடு படுக்கும் இடத்தில் நீங்களே முட்டி போட்டு அரை நிமிஷம் இருந்து பாருங்கள். முட்டி வலிக்கிறதா? எழும்பும்போது வேட்டியில் ஈரம் ஒட்டுகிறதா? பதில் கிடைத்துவிடும்.

புதுத் தரை போடுபவர்களுக்கு

மாடு நிற்கும் இடத்துக்கு 40-க்கு 1 முதல் 60-க்கு 1 வரை சரிவு வேண்டும். ஆறடி நீளத்துக்கு இது ஒன்றேகால் முதல் ஒன்றேமுக்கால் அங்குலம். குறைந்தால் மூத்திரம் தேங்கும், கூடினால் பின்னங்காலில் பாரம் ஏறும். சிமெண்டைக் கண்ணாடி மாதிரி இழைக்கச் சொல்லாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே கோடு கிழிக்கச் சொல்லுங்கள். வழுக்கிப் பின்னங்கால்கள் அகன்று விழுந்த மாடு மறுபடி எழும்பாமலே போகலாம்.

தரை மட்டும்தான் காரணமா?

இல்லை. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைக் குடம் குடமாக ஊற்றினாலும், அரிசி, தவிடு, அடர்தீவனத்தை அளவில்லாமல் வைத்தாலும் வயிற்றில் அமிலம் கூடி, அதன் விளைவாகக் குளம்புக்குள் அழற்சி வரும். தரையை எவ்வளவு மாற்றினாலும் அது தீராது. கோமாரியிலும் மாடு நொண்டும். ஆனால் அதில் காய்ச்சலோடு வாயில் கொப்புளம், எச்சில் ஒழுகுதல் இருக்கும். பக்கத்து மாடுகளுக்கும் பரவும். 2019-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ் இதற்கான தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது.

நொண்ட ஆரம்பித்துவிட்டால்?

குளம்பின் ஓட்டையில் மண்ணெண்ணெயோ பழைய இன்ஜின் ஆயிலோ ஊற்ற வேண்டாம். முட்டி வீக்கத்தை ஊசியால் குத்தி நீர் எடுக்கவும் வேண்டாம். உள்ளே சீழ் பிடித்தால் மூட்டே போய்விடும். தரையைக் காயவைக்கப் பச்சைச் சுண்ணாம்பு தூவினால் மடித்தோல் வெந்துவிடும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் மயில்துத்தம் கரைத்து, கழுவிய குளம்புகளை அதில் நனைப்பது தோல் தொற்றைக் கட்டுப்படுத்த உதவும். ஆடுகள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், செம்பு அவற்றுக்கு விஷம். மீதியைக் குளத்திலும் வாய்க்காலிலும் கொட்டக் கூடாது. குளம்பு மாதத்துக்குச் சுமார் அரை சென்டிமீட்டர் வளரும். கட்டியே கிடக்கும் மாட்டுக்கு அது சீராகத் தேயாது என்பதால், பழகியவரை வைத்து வருடத்துக்கு இரண்டு முறை சீவிவிடலாம். அடிப்புண் வந்துவிட்டால் அதைத் திறந்து, பக்கத்துக் குளம்பில் கட்டை ஒட்டிப் பாரத்தை மாற்றுவது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. நடக்க முடியாத மாட்டுக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வாகனத்தை அழைக்கலாம்.

எல்லா மாட்டுக்கும் படுக்கை போட வசதியில்லாதவர்கள், சினை மாட்டுக்கு மட்டுமாவது போடுங்கள். கன்று போடுவதற்கு மூன்று வாரம் முன்னாலிருந்து, போட்ட பிறகு மூன்று வாரம் வரை காய்ந்த வைக்கோலை அரையடி உயரத்துக்கு விரித்து, ஈரமானதை மட்டும் தினமும் வாரி எடுத்தால் போதும்.