சருமத்தின் கனமும் கனலின் ஆழமும்

மனித தேகத்தைப் போர்த்தியிருக்கும் சருமத்தைத் தலை முதல் கால் வரையில் ஒரே தன்மையுடையதாக எண்ணுவது நம் வழக்கமாயினும், அளந்து பார்க்கப் புகுந்தால் அந்த எண்ணம் சிறிதும் நிலைப்பதில்லை. கண்ணிமையின் மேல் சுமார் அரை மில்லிமீட்டர் கனமே உள்ள சருமம், முதுகுப்புறத்தில் 4 மில்லிமீட்டர் வரையிலும் தடித்துக் கிடக்கிறது. ஒரே முகத்துக்குள்ளேயே இமைக்கும் கன்னத்துக்கும், நெற்றிக்கும் மூக்கின் நுனிக்கும் வேற்றுமை உண்டு. ஆணின் சருமம் பொதுவாகப் பெண்ணின் சருமத்தைவிடத் தடித்தது. வயதும் இதில் தன் பங்கைச் செலுத்தத் தவறுவதில்லை. ஷஸ்டர் என்பவரும் அவருடைய சகாக்களும் 1975-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, வயது வந்த பிறகு சருமத்திலுள்ள கொலாஜன் என்னும் நார்ப்புரதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே போகிறது. மாதவிடாய் நின்றதை அடுத்து வரும் சில ஆண்டுகளில் பெண்களுக்கு இந்த நஷ்டம் இன்னும் துரிதமாக நேர்கிறது.

இத்தனை பேதங்களையுடைய ஒரு திசுவின் மீதுதான், முகச்சுருக்கம் நீங்கும், தொய்வு மறையும் என்ற விளம்பரங்களோடு நம் நகரங்களின் தோல் சிகிச்சை நிலையங்களில் பெருகிவரும் யந்திரங்கள் தங்கள் சக்தியைப் பிரயோகிக்கின்றன. லேசர் ஒளி, ரேடியோ அலை, காதுக்கு எட்டாத மீயொலி என்று அந்தச் சக்தியின் உருவம் வேறுபட்டாலும், அவை நாடும் காரியம் ஒன்றே: மேல்தோலுக்கு இயன்ற மட்டும் ஊறு நேராமல், அதன் அடியிலுள்ள உட்தோலில் அளவறிந்த உஷ்ணத்தை உண்டாக்குவது. பட்டுப் புடவைக்கும் காடாத் துணிக்கும் ஒரே சூட்டில் இஸ்திரி போட எந்தச் சலவைத் தொழிலாளியும் துணியமாட்டார். ஆனால் முற்கால யந்திரங்கள் பலவும் தம் எதிரேயுள்ள சருமத்தின் கனம் இன்னதென்று தாமாக அறியும் வகையற்றே இருந்தமையால், அதை அறிந்து சக்தியைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டிய பொறுப்பு முழுவதும் வைத்தியருடைய கைப்பழக்கத்தையே சார்ந்திருந்தது.

உஷ்ணம் பட்டால் சருமம் ஏன் இறுகவேண்டும் என்ற கேள்விக்கு விடை காணக் கொலாஜனின் அமைப்பை அறியவேண்டும். அந்த அமைப்பை உலகுக்கு எடுத்துரைத்த பெருமையில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டென்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிடாமல் மேலே செல்ல என் மனம் இசையவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகா கோபிநாத் கர்த்தாவும், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் மூலம் கிடைத்த கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ்-கதிர்களைக் கொண்டு ஆராய்ந்து, மூன்று இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொண்டிருக்கும் வடிவமே கொலாஜன் என்பதை 1954-லும் 1955-லும் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். இழைகள் அவ்வளவு நெருக்கமாக முறுக்கிக்கொள்வதற்கு, ஒவ்வொன்றிலும் மூன்றாவது இடந்தோறும் அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதான கிளைசீன் அமைந்திருப்பதே காரணம். அதைவிடப் பெரிய எதற்கும் அந்த முறுக்கின் உட்புறத்தில் இடமில்லை.

இழைகளைப் பிணைத்து நிறுத்தும் மெல்லிய ஹைட்ரஜன் பிணைப்புகள் உஷ்ணத்தில் அறுபட்டால் முறுக்கு அவிழ்ந்து, நீண்டு கிடந்த நார் சுருங்கிக் குறுகிவிடுகிறது. தோல் பதனிடுவோருக்கு இது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம்: பதனிடாத தோலை நீரிலிட்டு மெல்ல மெல்லச் சூடேற்றினால் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் அளவில் அது சட்டென்று சுருங்குவதைக் காணலாம்; எந்த உஷ்ணத்தில் சுருங்குகிறது என்பதைக் கொண்டே பதனிட்ட தோலின் தரத்தையும் அவர்கள் மதிப்பிடுகிறார்கள். உயிருள்ள சருமத்திலும் ஏறக்குறைய அதே உஷ்ணத்தில்தான் கொலாஜன் சுருங்குகிறது. ஆனால் சிகிச்சையின் பலன் அந்தச் சுருக்கத்தோடு முடிவதில்லை. சிதைந்த நாரைக் காயமென்று உணர்ந்த தேகம், ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் உயிரணுக்களைத் தூண்டிப் புதிய கொலாஜனை உற்பத்தி செய்விக்கிறது. இந்த வேலை மாதக்கணக்கில் நடைபெறுவதால், மெய்யான பலன் மூன்று முதல் ஆறு மாதங்கள் சென்றபின்பே தெரியவரும். சிகிச்சை முடிந்த மறுநாளே கண்ணாடியில் தெரியும் மினுமினுப்பு பெரும்பாலும் வீக்கத்தின் விளைவே.

காயம் செய்யாமல் பலன் இல்லை, காயம் மிகுந்தாலோ தழும்பே மிச்சம் என்ற இந்த நெருக்கடியிலிருந்து விடுபடும் வழியை முதலில் காட்டியவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து விஞ்ஞானிகள். ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் ஆகிய இருவரும் 1983-இல், ஒளியின் அலைநீளத்தையும் அது பாயும் கால அளவையும் தக்கபடி தேர்ந்தால் சருமத்தினுள் வேண்டிய பொருளை மட்டும் சுடலாம் என்று நிறுவினார்கள். ஒரு பொருள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு விரைவில் தன் சூட்டை இழந்துவிடும், அந்தக் காலத்துக்குள் பாய்ச்சி முடித்துவிட்டால் சுற்றுப்புறம் தப்பும் என்பதே அதன் தத்துவம். பின்னர் 2004-இல் மான்ஸ்டைன், ஆண்டர்சன் முதலியோர், சருமம் முழுவதையும் சுடுவதற்குப் பதிலாக மயிரிழை போன்ற நுண்ணிய தூண்களாக மட்டும் சுட்டு, இடையிடையே ஊறுபடாத திசுவை விட்டுவைக்கும் முறையைக் கண்டார்கள். விட்டுவைத்த திசுவே சுட்ட இடத்தை விரைந்து ஆற்றிவிடுகிறது. தூணின் ஆழம் செலுத்தும் சக்தியைப் பொறுத்தது என்பதால், சருமத்தின் கனம் என்னவென்ற கேள்வி அப்போதே தவிர்க்கமுடியாததாகிவிட்டது.

ரேடியோ அலை யந்திரம் வேறு மார்க்கத்தில் செல்கிறது. கண்ணைச் சுற்றியுள்ள சுருக்கங்களுக்காக அமெரிக்காவில் 2002-இல் அனுமதி பெற்ற முதல் யந்திரத்தில், முனையைக் குளிரச் செய்து மேல்தோலைக் காத்துக்கொண்டே உட்தோலில் மின்னோட்டத்தைப் பரப்பினார்கள். அந்த ஓட்டத்தைத் திசு எதிர்ப்பதனாலேயே சூடு பிறக்கிறது. ஒவ்வொருவருடைய சருமமும், ஒருவருக்கே ஒவ்வோர் இடமும் வெவ்வேறு மின்தடை காட்டுவதால், தடையை அவ்வப்போது அளந்து செலுத்தும் சக்தியைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இவ்வகை யந்திரங்களில் பின்னர் வந்தது. சருமத்தின் கனத்துக்கேற்பத் தானே மாறிக்கொள்ளும் யந்திரம் என்று விற்பனையாளர்கள் சொல்லும்போது, பல சமயங்களில் அவர்கள் குறிப்பது இந்த ஏற்பாட்டையே. இதில் பயன் உண்டு. ஆயினும் மின்தடையும் கனமும் ஒன்றல்ல. மேல்தோலின் ஈரம், அடியிலுள்ள கொழுப்பின் அளவு, முனை அழுந்தும் விதம் ஆகிய அனைத்தும் கலந்த ஓர் எண்ணையே யந்திரம் காண்கிறது. அந்த எண்ணிலிருந்து கனத்தை மாத்திரம் பிரித்தெடுத்துவிட்டதாக அது சொல்லுமானால் நான் நம்பத் தயங்குவேன்.

கனத்தை நேரே அளக்க வல்லது மீயொலி. அலெக்சாண்டர், மில்லர் என்ற இருவர் 1979-லேயே அதைக் கொண்டு சருமத்தின் கனத்தை அளந்து காட்டினார்கள். மென்திசுவில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர் செல்லுமாகையால், 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சென்று எதிரொலித்துத் திரும்ப அதற்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட காலமே பிடிக்கும்; அந்தச் சிறு காலத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டால் உட்தோல் எங்கே முடிந்து கொழுப்பு எங்கே தொடங்குகிறது என்பது திரையில் தெரிந்துவிடுகிறது. சருமத்துக்கென்று வழங்கும் ஸ்கேன் கருவிகள் பெரும்பாலும் விநாடிக்கு 2 கோடி அதிர்வுகளுள்ள ஒலியைப் பயன்படுத்துகின்றன. மீயொலியையே ஒரு புள்ளியில் குவித்துச் சூடுண்டாக்கும் யந்திரம், புருவத்தை உயர்த்துவதற்கென 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் முனைகள் 1.5, 3.0, 4.5 மில்லிமீட்டர் என மூன்று ஆழங்களுக்குத் தனித்தனியே அமைந்தவை. சுடப்போகும் இடத்தின் உருவத்தை முதலில் திரையில் கண்டு, அதற்குரிய முனையைத் தேர்ந்து, பிறகே வைத்தியர் சக்தியைச் செலுத்தலாம். பார்ப்பதும் சுடுவதும் ஒரே கருவியில் இணைந்த இந்த ஏற்பாட்டை, மேலும் அதிகச் சக்தி வாய்ந்த எந்த யந்திரத்தைக் காட்டிலும் சிறந்த முன்னேற்றமாக நான் கருதுகிறேன்.

அளந்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததென்று எண்ணுவதும் தவறாகும். கருவியை அழுத்திப் பிடித்தால் சருமம் நசுங்கிக் கனம் குறைந்து தோன்றும். பல்லாண்டுகள் வெயிலில் அடிபட்ட சருமத்தில், மேல்தோலின் அடியில் எதிரொலி மங்கிய ஒரு பட்டை ஸ்கேனில் தென்படுகிறது. அங்கே நார்கள் சிதைந்திருக்குமேயன்றிக் கனம் அவசியம் குறைந்திராது. ஆகவே தடித்த சருமம் ஆரோக்கியமான சருமம் என்று கணக்கிடும் யந்திரம் வயல்வேலை செய்தவரின் முகத்தில் ஏமாந்துபோகக்கூடும்.

ஆழம் தவறினால் விளைவதென்ன என்பதை ஊசியும் ரேடியோ அலையும் சேர்ந்த யந்திரங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. மிக நுண்ணிய ஊசிகளைச் சருமத்தில் இறக்கி அவற்றின் நுனியில் சூடுண்டாக்கும் இம்முறையில், ஊசி இறங்கும் ஆழத்தை வைத்தியரே நிர்ணயிக்கிறார். ஒருவருடைய தடித்த கன்னத்தில் உட்தோலுக்குள்ளேயே நின்றுவிடும் ஊசி, மெலிந்த வயோதிகப் பெண்மணியின் கண்ணோரத்தில் அதே ஆழத்தில் உட்தோலைக் கடந்து தசையைத் தொட்டுவிடலாம். தீக்காயம், தழும்பு, முகத்தின் கொழுப்பு கரைந்து குழிவிழுதல், நரம்புச் சேதம் ஆகியவை நேர்ந்ததாக வந்த புகார்களை அடுத்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 அக்டோபரில் இவ்வகைச் சிகிச்சையைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. கரைந்துபோன கொழுப்பு தானே திரும்புவதில்லை என்பதைச் சிகிச்சைக்கு வருவோர் பலர் அறியமாட்டார்கள்.

நம்மவர்க்கு இன்னொரு கவலையும் உண்டு. நம் சருமத்தில் மெலனின் மிகுதி. சில அலைநீளங்களில் லேசர் ஒளியை அந்த நிறமியே விழுங்கிச் சூடேறுவதால் மேல்தோல் கருகவும், ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கவும் இடமுண்டு. ரேடியோ அலையும் மீயொலியும் நிறத்தைப் பொருட்படுத்துவதில்லை என்பது நம்மவர்க்கு அனுகூலமானதே. எனினும் சூடு எந்த வழியில் மேல்தோலை அடைந்தாலும் கறுப்புத் தழும்பு விழக்கூடுமாகையால், ஆழத்தைப் பற்றிய கண்டிப்பு நமக்குச் சற்று அதிகமாகவே வேண்டும்.

சருமம் இறுகவேண்டுமென்று பணமும் நம்பிக்கையும் செலவிட்டு வருகிறவருக்கு, தம் முகத்தின் எந்தெந்த இடத்தில் எவ்வளவு ஆழத்துக்குச் சூடு செல்லப்போகிறது, அந்த அளவு ஸ்கேனில் கண்டதா, உத்தேசமானதா என்று கேட்கும் உரிமை உண்டு. பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் முகத்தைக் கொடுக்காமலிருக்கும் உரிமையும் உண்டு. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுக்கும் புகைப்படங்கள் விளக்கின் கோணம் மாறினாலே வேறு கதை சொல்லும். முதல் நாள் கனத்தை அளந்த அதே கருவியால் ஆறு மாதம் கழித்து அதே இடத்தை மறுபடி அளந்து, உட்தோல் மெய்யாகவே தடித்ததா என்று எழுதி வைப்பது, ஆராய்ச்சிக்கூடங்களில் நடப்பதுபோலச் சாதாரணச் சிகிச்சை நிலையங்களிலும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.